ஏழாங்கல்லுக்கு நடந்த தாலுகா ஆபீஸ்

மாசானம் வெட்டுப்பட்டுச் செத்த பதினாறாம் நாள், காலை பதினொரு மணி வாக்கில், கிட்டங்கியூர் தாலுகா ஆபீஸ் எழுந்து நடந்தது. அதை முதலில் அறிந்தவள் குழல்வாய்மொழிதான். ஆபீஸின் கிழக்குச் சுவரோடு ஒட்டித்தான் அவளுடைய அடுப்பு இருந்தது. சுவர் விலகியதும் புகை திசை மாறி அவள் கண்ணுக்கே வந்தது, இத்தனை மாதமாக வெயில் படாத சோற்றுப்பானையின் மேல் வெயில் விழுந்தது. அண்ணனின் பதினாறாம் நாள் சடங்கு மூன்றரை மைலுக்கு அப்பால் கல்சாவடியில் நடந்துகொண்டிருக்க, கூடப்பிறந்த தங்கச்சி இங்கே பருப்பு கடைந்துகொண்டிருக்கிறோமே என்ற நினைப்பில் இருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். பானையை மூடினாள், தணலைச் சட்டியில் வாரினாள், சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். உள்ளே பன்னிரண்டு குமாஸ்தாக்களும் ஒரு தாசில்தாரும் இருந்தார்கள். அவர்களுடைய மத்தியானச் சோறு அவள் பொறுப்பு. ஆபீஸ் சோற்றிடம் வராதென்றால் சோறுதான் ஆபீஸிடம் போகவேண்டும்.

அது மாட்டுநடை நடந்தது. எட்டுத் தூணும் கூரையின் நாட்டு ஓடுகளும் அசையாமல், படியில் உட்கார்ந்திருந்த மனுக்காரர்கள் படியோடு நகர, மஞ்சணத்தி மரங்களைச் சுற்றிக்கொண்டு, வரப்பு வந்தால் கொஞ்சம் தயங்கி, தாண்டி, மேற்கே பார்த்துப் போனது. எப்படி நடக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. அது இருந்த இடத்தில் பல் பிடுங்கின ஈறு போல ஒரு பள்ளம் மட்டும் கிடந்தது, அதில் மழைத் தவளைகள் சாயங்காலத்துக்குள் குடியேறிவிட்டன.

அந்தக் காலத்தில் எல்லையைக் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். பிரித்ததில் மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் எந்தத் தாலுகாவிலும் சேராமல் நின்றது, அதற்கென்று புதுத் தாலுகா ஒன்று வரும் என்று உத்தரவு வந்தது. அந்தத் துண்டில் ஊர் என்று சொல்லும்படி இரண்டுதான் இருந்தன. பழைய சுங்கச்சாவடியைச் சுற்றி முளைத்தது கல்சாவடி. காட்டு மரம் அடுக்கிய கிட்டங்கிகளைச் சுற்றி முளைத்தது கிட்டங்கியூர். இரண்டுக்கும் நாற்பது வயசுதான். பிழைக்க வந்தவர்கள், ஓடி வந்தவர்கள், வேறு எங்கும் ஒட்டாதவர்கள் காடு வெட்டி உட்கார்ந்த ஊர்கள். நடுவே எருமையாறு. அதைத் தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கல்சாவடியில் பிறந்து கிட்டங்கியூரில் வாழ்க்கைப்பட்டவள்தான் குழல்வாய்மொழி. அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் மரவண்டி ஓட்டுகிறவன். அவள் மகள் மாடத்திக்குப் பதினேழு வயசு, மாசானத்தின் மகன் தவசிக்கென்று தொட்டிலிலேயே பேசி வைத்தது.

தாலுகா எந்த ஊருக்கு என்று உத்தரவில் இல்லை. 'தகுந்த இடத்தில்' என்று மட்டும் இருந்தது. அந்த இரண்டு வார்த்தைதான் இரண்டு ஊரையும் தின்றது. தாலுகா வருகிற ஊருக்குக் கஜானா வரும், சப்ஜெயில் வரும், ரிஜிஸ்டர் ஆபீஸ் வரும், ஆஸ்பத்திரி வரும், பஸ் வரும். வராத ஊர் முப்பது வருஷத்தில் பஸ் நிற்காத ஊராகிவிடும் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. முதலில் கல்சாவடியின் சுங்கக் கொட்டகையில்தான் ஆபீஸ் உட்கார்ந்தது. ஆடி அமாவாசையன்று கல்சாவடி ஊரே அருவிக்குக் குளிக்கப் போயிருந்தபோது, கிட்டங்கியூர் மர டிப்போ முதலாளி வெயிலுகந்தான் இருபத்திரண்டு மரவண்டிகளோடு பட்டப்பகலில் போய், பீரோக்களையும் ரிக்கார்டு மூட்டைகளையும் நில அளவைச் சங்கிலியையும் கொடிக்கம்பத்தையும் ஏற்றினார். கடைசி வண்டியில், எழுந்திருக்க மறுத்த தாசில்தார் ஞானாபரணத்தை நாற்காலியோடு ஏற்றினார். கிட்டங்கியூரில் புதுக் கட்டடம் சுண்ணாம்பு ஈரத்தோடு தயாராகக் காத்திருந்தது.

கல்சாவடிக்குத் தலைவன் மாசானம். அவன் பதிலுக்கு மரக் கிட்டங்கிக்குத் தீ வைத்தான். கிட்டங்கியூர்க்காரர்கள் கல்சாவடிக் கிணற்றில் செத்த நாயைப் போட்டார்கள். அவர்கள் வண்டி மாடுகளின் காதை அறுத்தார்கள். இவர்கள் நாட்டு வெடிகுண்டு வீசி ஒரு பீடிக்கடையின் கூரையைக் கிளப்பினார்கள். கடைசியில் ஐப்பசி மாதத்து ஒரு நண்பகலில் இரண்டு ஊர் ஆம்பிளைகளும் எருமையாற்று மணலில் நேருக்கு நேர் நின்றார்கள்.

குழல்வாய்மொழி அன்றைக்குப் புருஷனுக்கும் அவன் கூட்டத்துக்கும் சோறு சுமந்துகொண்டு கரைக்கு வந்தவள். தாழம்புதரின் மறைவில் நின்றவள், இருபதடி தூரத்தில், தன் புருஷன் தன் அண்ணனை வெட்டியதைப் பார்த்தாள். போலீஸ் வந்து கேட்டபோது கிட்டங்கியூரில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. அவளும் பார்க்கவில்லை என்றாள். பார்த்ததில் ஒரு பாதியை அவள் தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மதினி அவளைப் பிணத்தின் பக்கம் அண்டவிடவில்லை, பதினாறுக்கும் வரக்கூடாது என்று சொல்லியனுப்பினாள். புருஷன் வீட்டுக்கு வந்தான், குளித்தான், சாப்பிட்டான். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவன் அருவாளை மட்டும் கூரையில் செருகாமல் வெளியே விறகுக்கட்டில் செருகினான்.

ஆபீஸ் நடக்கத் தொடங்கி நாலைந்து நாளில் ஜனங்கள் பழகிவிட்டார்கள். காலையில் ஒன்பது மணிக்குப் புறப்படும், பொழுது சாயும்போது எங்காவது உட்காரும். பட்டா மாற்ற வந்தவர்கள் ஜன்னலோரம் நடந்துகொண்டே மனுவை நீட்டினார்கள். உள்ளே குமாஸ்தா நடந்துகொண்டே இருக்கிற கட்டடத்தில் உட்கார்ந்தபடி எழுதினார். கையெழுத்து ஆடியதால் அந்த மாதத்து ரிக்கார்டுகளை இன்றைக்கும் தனியாக அடையாளம் காணலாம். நடக்க முடியாத கிழவர்களைக் கட்டிலோடு தூக்கிவந்து, அது வரப்போகிற வழியில் முன்கூட்டியே போட்டுவைத்தார்கள். தாசில்தாருக்கு மட்டும் இந்த அசைவு ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, தலையில் ஈரத்துண்டோடு, கப்பலில் போகிறவர் போல மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது என்று மேலிடத்துக்கு எழுதினார். கட்டடம் நகர்வது பற்றி விதிகளில் ஏதும் சொல்லப்படவில்லை என்றும், ஆபீஸ் எங்கே இருக்கிறதோ அதுவே தாலுகாவின் தலைமையிடம் என்றும் பதில் வந்தது.

அந்தப் பதில் வந்ததும் அமளி இரட்டித்தது. கிட்டங்கியூர்க்காரர்கள் டிப்போ யானையைக் கொண்டுவந்து, தூணில் சங்கிலி பூட்டித் திருப்பி இழுத்தார்கள். ஒரு நாள் பூரா யானை கிழக்கே இழுத்தது, ஆபீஸ் மேற்கே இழுத்தது. மறுநாள் இரண்டும் சேர்ந்து மேற்கே போவதைப் பார்த்ததும் பாகன் சங்கிலியைக் கழற்றிவிட்டான். கல்சாவடிக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். தங்கள் ஊர்ப் பாதையில் மஞ்சள் தண்ணி தெளித்தார்கள், கோலம் போட்டார்கள், மேளம் வைத்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். புதுச் சுண்ணாம்பைத் தொட்டித் தொட்டியாகக் கரைத்து, மாட்டுக்குக் கழனித்தண்ணி காட்டுகிறதுபோல வழி நெடுகக் காட்டினார்கள். அது ஒரு தடவை அவர்கள் பக்கம் திரும்பி ஒன்றரை நாள் நடந்தது. கல்சாவடியில் ஆனந்தம். பிறகு ஆற்றங்கரையில் நின்று, ரொம்ப நேரம் நின்று, தெற்கே போய்விட்டது.

அதனால் இரண்டு ஊர் ஆம்பிளைகளும் ஆபீஸின் இரண்டு பக்கத்திலும் அருவாளோடு நடந்தார்கள். வலது பக்கம் கிட்டங்கியூர், இடது பக்கம் கல்சாவடி. வயல் வேலை கிடந்தது, மரவேலை கிடந்தது, வீட்டில் பிள்ளைகள் அப்பனைப் பார்த்து நாளாகிக்கொண்டிருந்தது. யாருக்கும் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. நடுவில் இருந்தது குழல்வாய்மொழியின் பானை மட்டும்தான். இரண்டு ஊருக்கும் பொதுவானவள் என்பதால் இரண்டு பக்கமும் அவளிடம் சாப்பிட்டது.

புருஷன் வந்து உட்கார்ந்தால் அவன் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்தே போடுவாள்.

ஒருநாள் அவன், "ஏளா, மாடத்தி எப்படி இருக்கா?" என்றான்.

"இருக்கா."

"தவசியைப் பத்தி ஏதும் பேசுதாளா?"

"பேசலை. பாவாடையில பூ தைச்சுக்கிட்டிருந்தாள்லா, அதை நிறுத்திட்டா."

அவன் பாதிச் சோற்றை இலையிலேயே விட்டு எழுந்து போனான்.

தவசிக்கு இருபது வயசு. அப்பனின் அருவாள் அவன் கைக்குக் கொஞ்சம் பெரியது. அவன் ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு வந்தான், இலை போடவேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"அத்தே, நீ அன்னைக்குக் கரையில நின்னியாம். ஆடு மேய்ச்சவ ஒருத்தி பார்த்திருக்கா."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"எங்க அப்பா பக்கத்துல மூணு பேர் நின்னிருக்காக. மரம் அறுக்கிற கொம்பையா, அவன் தம்பி, பிறகு மாமா. மூணுல யாருன்னு மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா மூணு பேரையும் வெட்டுவேன். நாப்பத்தொண்ணாம் நாள் வரைக்கும் கை வைக்கமாட்டேன்னு எங்க அம்மைக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். அது வரைக்கும் யோசி."

"மூணுல ரெண்டு பேர் ஒண்ணும் செய்யாதவன்னா?"

"அந்தப் பாவம் எனக்கு இல்ல, சொல்லாதவளுக்கு" என்றான் தவசி. சொல்லும்போது அவன் உதடு நடுங்கியது. சின்னப் பிள்ளையில் அம்மன் கொடைத் திருவிழாவில் காணாமல்போய்க் கிடைத்தபோது அந்த உதடு இப்படித்தான் நடுங்கியது என்று அவளுக்கு ஞாபகம். அவள் ஒரு உருண்டை வெல்லத்தை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பிறகு வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொன்னால் தாலி போகும், மகளுக்கு அப்பன் போவான். சொல்லாவிட்டால் தாலியும் போகும், கூட இரண்டு பேர் போவார்கள், அண்ணன் மகன் தூக்குமேடைக்குப் போவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஒரு பாடை தெரிந்தது. ஆபீஸ் நடந்தது, அவள் நடந்தாள், பானையில் சோறு தளும்பிக்கொண்டே நடந்தது.

மாசானம் செத்த முப்பதாம் நாள் ஆபீஸ் மலைச்சாலையில் ஏழாங்கல்லுக்கு வந்து உட்கார்ந்தது. ஏழாங்கல் என்பது ஊர் அல்ல. ஏழாவது மைல்கல்லின் பக்கத்தில் கரி சுடுகிறவர்களின் பதினோரு குடிசை, அவ்வளவுதான். இரண்டு ஊர்க்காரர்களும் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபீஸ் காலையில் எழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அது எழவில்லை. இரண்டாம் நாளும் எழவில்லை. மூன்றாம் நாள் கரிக்காரர்கள் தங்கள் ஆடுகளைத் தூணில் கட்டினார்கள். நாலாம் நாள் மயிலி என்கிற ஒருத்தி, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாக, முகத்தில் கரியோடு படியேறி வந்து, தன் மூன்று பிள்ளைகளின் பிறப்பைப் பதியவேண்டும் என்றாள்.

"மூணாவது எங்கம்மா?" என்றார் தாசில்தார். கட்டடம் நின்றதில் அவருக்கு முகம் தெளிந்திருந்தது.

"அது செத்துப்போச்சு சாமி. பிறந்துச்சுன்னு ஒரு இடத்துல இருக்கட்டும்னுதான்."

அவர் பதிந்தார். ஒன்பதாம் நாளுக்குள் பதினோரு குடிசைக்கும் கைப்பட்டா எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பத்து தலைமுறை வந்தாலும் வரமாட்டாது என்றிருந்த காகிதம், வாசலில் வந்து உட்கார்ந்து அவர்கள் பேரைக் கேட்டது.

அப்போதுதான் இரண்டு ஊரும் சேர்ந்தன. முப்பத்தொன்பதாம் நாள் மத்தியானம், ஒரு விழுந்த மரத்தின் மேல் வெயிலுகந்தானும் தவசியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைச் சோறு கொண்டுபோன குழல்வாய்மொழி பார்த்தாள். பூதத்தானும் கொம்பையாவும் கல்சாவடிக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே செம்பில் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதலில் வயிறு குளிர்ந்தது. சமாதானம் என்று நினைத்தாள்.

"கரிப்பயலுகளுக்குத் தாலுகாவா? நாளைக்கு மூணு மணிக்கு அவனுக காட்டுக்குப் போன பிறகு மண்ணெண்ணெய் ஊத்துதோம்" என்றார் வெயிலுகந்தான். "எரிச்சிட்டா சர்க்கார் புதுசாத்தானே ஆபீஸ் கெட்டணும். எங்க கெட்டுததுங்கிறதை அதுக்குப் பிறகு நமக்குள்ள பார்த்துக்கிடுவோம்."

"நாளைக்கு நாப்பது" என்றான் தவசி, யாரையும் பார்க்காமல். "நாளைக்குச் சேர்ந்து எரிப்போம். நாளை மறுநாள் என் சோலியை நான் பார்ப்பேன். அதுல யாரும் குறுக்க வரக்கூடாது."

"அது உன் இஷ்டம்" என்றார் வெயிலுகந்தான். தனக்கு வண்டி ஓட்டுகிறவனும் மரம் அறுக்கிறவனும் நாலடி தூரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

மறுநாள் அவள் வழக்கம்போலச் சமைத்தாள். எல்லாருக்கும் போட்டாள். பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை மாதம் சுவரோரம் அடுப்பு மூட்டியும் ஒருநாளும் ஏறாத அந்தப் படியில் ஏறினாள்.

சேதி கசிந்து குமாஸ்தாக்கள் காட்டுவழியே போய்விட்டிருந்தார்கள். தாசில்தார் மட்டும் மேஜையில் இருந்தார்.

"நீங்க போகலையா ஐயா?"

"பொறுப்பை ஒப்படைக்க ஆளில்லாம நான் எங்கம்மா போக" என்றார் அவர். "ஒரு தடவை நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. இந்தத் தடவை நாற்காலியோட எரிக்கட்டும்."

"ஒரு வாக்குமூலம் எழுதணும்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு காகிதம் எடுத்தார், பேனாவை உதறினார்.

"பேரு?"

"குழல்வாய்மொழி."

"வயசு?"

"முப்பத்தெட்டு இருக்கும்."

"கணவர் பேரு?"

அவள் கை தாலிக்குப் போனது. அவருக்குப் புரிந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் புருஷன் பேரைத் தன் வாயால் சொன்ன ஒருத்தியை அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்கிறவன் சொல்லுவான், இல்லாவிட்டால் சாமி பேரைச் சுட்டி, மலைப் பேரைச் சுட்டி, கண்டுபிடிக்கச் சொல்லுவார்கள். "வெளியே யாரையாச்சும் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?" என்றார்.

வெளியே ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். தகரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமும் மண்ணெண்ணெய் வாடையும் ஜன்னல் வழியே வந்தன. யாரோ, "உள்ள ஆள் இருக்கு" என்றான். "பொம்பளை ஆளு. சோத்துக்காரி" என்றான் இன்னொருவன்.

"வேண்டாம். நானே சொல்லுதேன்" என்றாள் குழல்வாய்மொழி. "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். இருபத்திரண்டு வருஷமாக நாக்கின் அடியில் கிடந்த பேர். வெளியே வரும்போது அது அவளுக்கே அன்னியமான ஒருத்தன் பேர் போல இருந்தது.

"சங்கிலிபூதத்தான். என் புருஷன் பேரு அதுதான். எங்க அண்ணன் மாசானத்தை வெட்டினவன் பேரும் அதுதான். நான் கண்ணால பார்த்தேன். மத்தவன் யாரும் அண்ணன் மேல கை வைக்கலை. எழுதிக்கிடுங்க."

தகரச் சத்தம் நின்றுவிட்டது. கொம்பையா அப்படியே தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அவளுக்குப் பித்துப் பிடிச்சிருக்கு. ஊத்துங்கலே" என்றார் வெயிலுகந்தான்.

பூதத்தான் தன் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தான். அருவாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். "உள்ள என் பொஞ்சாதி இருக்கா, முதலாளி" என்று சொல்லிவிட்டுப் படியேறினான். பூதத்தான் உள்ளே போன பிறகுதான் தவசி பாய்ந்து வந்தான். அதற்குள் குழல்வாய்மொழி வாசல் நிலையில் கைகளை அகல வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"விலகு அத்தே."

"கேட்டே, சொல்லிட்டேன். என் தாலியைக் கழற்றிக் காகிதத்துல வச்சாச்சு. இனி இவரைச் சர்க்கார் பார்த்துக்கிடும். இதுக்கு மேல நீ வெட்டுனா அது எங்க அண்ணனுக்காக வெட்டுன வெட்டு இல்ல. உனக்காக வெட்டுனது."

அவன் அருவாளை ஓங்கியே வைத்திருந்தான். அந்த நேரத்தில்தான் பத்து நாளாக உட்கார்ந்திருந்த ஆபீஸ் எழுந்தது. படி அவன் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. தூணில் கட்டியிருந்த ஆடுகள் கத்திக்கொண்டு கூடவே நடந்தன. பின்னால் எவனோ பதற்றத்தில் தீக்குச்சியைக் கிழித்துப் போட, ஆபீஸ் இருந்த இடத்தில் மண்ணெண்ணெய் சிந்திய புல் மட்டும் ஆளுயரத்துக்கு எரிந்தது.

தவசி ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே கூட நடந்தான், சில சமயம் ஓடினான். உள்ளே மனுக்காரர்களின் பெஞ்சில் புருஷனும் பெண்சாதியும் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் எலுமிச்சம்பழத்தைத் தேடினார்.

ரொம்ப தூரம் போன பிறகு பூதத்தான் கேட்டான். "மிச்சத்தை ஏன் சொல்லலை?"

"எதை?"

"நீ பார்த்தேன்னா அதையும் பார்த்திருப்பே."

அவள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். "பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

பூதத்தான் எழுந்து, அசைவில் தடுமாறி, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, எழுதுங்க. மச்சான் அருவாளோடதான் வந்தாரு. தூசியில எதிர்ல நிக்கது யாருன்னு அவருக்குத் தெரியலை. கிட்ட வந்ததும் நான்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதும் அவரு அருவாளை இறக்கிட்டாரு. ஏதோ சொன்னாரு, எனக்குக் காதுல விழலை. அவரு இறக்குனாரு, ஐயா. நான் இறக்கலை."

தாசில்தார் எழுதுவதை நிறுத்தினார். "இதைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. இது உன்னைத்தான் பாதிக்கும்" என்றார்.

"எழுதுங்க ஐயா. நாப்பது நாளா ராத்தூக்கம் இல்ல."

ஜன்னல் கம்பியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஆபீஸ் நடந்துகொண்டே இருந்தது. தவசி நின்றுவிட்டான். பாதையின் நடுவில், அப்பனின் அருவாள் தரையில் முனை ஊன்றியிருக்க, அவன் சிறிதாகிச் சிறிதாகிப் போவதைக் குழல்வாய்மொழி மஞ்சணத்தி மரங்கள் மறைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூதத்தானுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொம்பையாவும் தம்பியும் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார்கள். மாடத்தி தாயோடு ஒன்றரை வருஷம் பேசவில்லை, பிறகு ஒருநாள் உப்பு எங்கே என்று கேட்டாள், அதிலிருந்து பேசினாள். ஆபீஸ் ஏழாங்கல்லுக்கு வடக்கே ஒரு மொட்டைப் பாறையில் கடைசியாக உட்கார்ந்தது. கல்சாவடிக் கடைகளும் கிட்டங்கியூர்க் கடைகளும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே வந்து எதிரெதிரே இறங்கின. முதல் பட்டா வாங்கிய கரிக்காரர்கள்தான் அங்கே ஆதிக் குடிகள் என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். சோத்துக்காரி வாக்குமூலம் கொடுத்ததால்தான் ஆபீஸ் அடங்கியது என்று ஜனங்கள் கதை கட்டினார்கள். அவளிடமே கேட்டால் மறுத்துவிடுவாள். "நான் சொன்ன பிறகும் அது பதினோரு நாள் நடந்துச்சு. நான்தானே பின்னாலேயே பானையைத் தூக்கிட்டு அலைஞ்சேன்" என்பாள்.

அந்தப் பதினோரு நாளில் நாலாவது நாள், அதாவது மாசானம் செத்த நாற்பத்து நாலாவது நாள், அவள் ஒரு ஓடைக்கரையில் அடுப்பு மூட்டியிருந்தபோது தவசி வந்தான். கையில் அருவாள் இல்லை. முகம் சவரம் செய்யாமல் வயசாகிக் கிடந்தது. இலை முன்னால் உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டாள்.

"அத்தே."

"என்னய்யா."

"எங்க அப்பா ஏதோ சொன்னாராம். மாமாவுக்குக் காதுல விழலையாம். உனக்கு விழுந்துச்சா?"

அவள் கரண்டியைப் பானையின் விளிம்பில் வைத்தாள்.

"விழுந்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"'மாப்ளே'ன்னாரு. சண்டையில கத்துன மாதிரி இல்லப்பா. நம்ம வீட்டுக்கு வந்தா உள்ள வராம வாசல்லயே நின்னு கூப்பிடுவாருல்லா. அப்படி."

தவசி சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். ஈ வந்து உட்கார்ந்தது, அவன் ஓட்டவில்லை. அவள் விசிறியால் ஓட்டினாள். ஆபீஸ் கொஞ்ச தூரத்தில் காத்துக்கொண்டிருப்பதுபோல நின்றது.

"குழம்பு ஊத்து, அத்தே" என்றான்.